தெரியாததைச் சொல்லச் சொல்லி அடிப்பது

சித்திரவதையை மையமாக வைத்து ஒரு நாவலோ திரைக்கதையோ எழுத உட்காரும் இளைஞருக்கு முதலில் தோன்றும் காட்சி பெரும்பாலும் ஒன்றுதான். நகரத்தில் எங்கோ வெடிகுண்டு இருக்கிறது. வெடிக்க ஒரு மணி நேரம். பிடிபட்டவனுக்கு அது இருக்கும் இடம் தெரியும், வாய் திறக்க மறுக்கிறான். எதிரே நேர்மையான ஓர் அதிகாரி. அடிக்கலாமா, கூடாதா? தர்மசங்கடம் தயார், பரபரப்பும் தயார்.

இந்தக் காட்சி எந்தக் காவல் நிலையக் கோப்பிலிருந்தும் வந்ததல்ல. ழான் லார்த்தெகி என்ற பிரெஞ்சு எழுத்தாளர் அல்ஜீரியப் போரைப் பற்றி 1960இல் எழுதிய நாவல்தான் இதற்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தது என்கிறார், சித்திரவதையின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்த டேரியஸ் ரெஜாலி. அங்கிருந்து அது மேடைப் பேச்சுக்கும் சட்டக் கல்லூரி வகுப்புக்கும் போனது. அமெரிக்காவில் ‘24’ என்ற தொலைக்காட்சித் தொடர் வாரா வாரம் இதையே காட்டியது. அடித்தால் உடனே உண்மை வரும், நாடு தப்பிக்கும். 2006இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் கல்வித் தலைவர் பிரிகேடியர் ஜெனரல் பேட்ரிக் ஃபினகன், அனுபவமுள்ள விசாரணை அதிகாரிகள் சிலரோடு அந்தத் தொடரின் தயாரிப்பாளர்களைத் தேடிப் போனார். தன் மாணவர்கள் இதை உண்மையென்று நம்புகிறார்கள், இப்படிக் காட்டாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். ஒரு ராணுவ அதிகாரி கதாசிரியர்களிடம் போய் முறையிட வேண்டிய அளவுக்குக் கற்பனைக்கு வலு இருந்தது.

அந்த இளைஞர் சென்னைக்கு வடக்கே சோழவரத்திலிருந்து எழுதுபவர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இந்த இரவல் குண்டு தேவையில்லை. சென்னையிலிருந்து கிளம்பும் ஜி.என்.டி. சாலை செங்குன்றம், சோழவரம், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று வடக்கே போய் ஆந்திராவுக்குள் நுழைகிறது. அதே வழியில் நெல்லூர், ஓங்கோல் தாண்டிப் போனால் குண்டூர். தமிழில் சித்திரவதையைப் பற்றி எழுதப்பட்ட மிக முக்கியமான புத்தகம் அந்தக் குண்டூரில் நடந்ததைத்தான் சொல்கிறது.

மு. சந்திரகுமார் கோவையில் ஆட்டோ ஓட்டியவர். 1983இல், குண்டூரில் பிழைக்கப் போன இடத்தில் அவரையும் நண்பர்களையும் போலீஸ் பிடித்தது. செய்யாத ஒரு திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி லாக்கப்பில் நாள்கணக்கில் அடித்தார்கள். பிறகு சிறை. அவர் அதை எழுதி, ‘லாக்கப்’ என்ற புத்தகமாக அது வெளிவந்தது 2006இல். இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து. அதை அடிப்படையாகக் கொண்டு வெற்றிமாறன் எடுத்த ‘விசாரணை’ 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் போனது, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது.

அந்தக் கதையில் எந்த இடத்திலும் குண்டு இல்லை. அடிபடுகிறவர்களிடம் சொல்வதற்கு ஒரு ரகசியமும் இல்லை. சித்திரவதை பயன் தருமா என்ற கேள்விக்கு நம் மண்ணில் பதில் தேட வேண்டிய இடம் இதுதான். நம் லாக்கப்புகளில் அடி வாங்குகிறவர்களில் எத்தனையோ பேருக்குக் கேட்கப்படும் விஷயமே தெரியாது. தெரியாதவன் எதைச் சொல்வான்? அடிக்கிறவர் மனதில் ஏற்கெனவே இருக்கும் பதிலைத் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்துச் சொல்வான்.

உலக அளவிலும் இதுவே நடந்திருக்கிறது. இப்னு அல்-ஷேக் அல்-லிபி என்பவர் 2001இன் இறுதியில் பிடிபட்டு எகிப்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே நடந்த கொடுமைக்கு அஞ்சி, அல்-காய்தாவுக்கு இராக் ரசாயன ஆயுதப் பயிற்சி கொடுத்தது என்று சொன்னார். கேட்டவர்களுக்கு வேண்டியிருந்த பதில் அது. 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஆற்றிய உரையில் அது இடம்பெற்றது. அடுத்த மாதம் போர். 2004இல் அல்-லிபி தன் வார்த்தைகளைத் திரும்பப் பெற்றபோது பாக்தாத் ஏற்கெனவே விழுந்திருந்தது. சி.ஐ.ஏ.வின் கொடூர விசாரணை முறைகள் தகவல் பெறப் பயனுள்ள வழியாக இருக்கவில்லை என்று அமெரிக்க செனட்டின் உளவுத்துறைக் குழு 2014இல் வெளியிட்ட அறிக்கை முடிவு செய்தது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2025 ஜூன் கடைசியில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் காளி கோயில் காவலாளி அஜித்குமார், ஒரு காரிலிருந்து நகை காணாமல் போனதாக வந்த புகாருக்காகத் தனிப்படைப் போலீஸாரால் அடித்துக் கொல்லப்பட்டார். கொட்டகை ஒன்றில் அவர் அடிபடும் காட்சியை ஒருவர் மறைந்து நின்று படம்பிடித்திருந்தார். உடலில் 40க்கும் மேற்பட்ட காயங்கள் இருந்ததைப் பிரேதப் பரிசோதனை காட்டியது. அத்தனை அடிக்குப் பிறகும் அவரிடமிருந்து நகை கிடைக்கவில்லை.

ஆனாலும், அடி எதற்கும் உதவாது என்று எழுதி முடித்துவிட்டால் நாவல் பொய்யாகிவிடும். சில விஷயங்களுக்கு அது உதவியே இருக்கிறது, அதனால்தான் இத்தனை காலம் உயிரோடு இருக்கிறது. 1854இல் சென்னை மாகாணத்தில் சித்திரவதைப் புகார்களை விசாரிக்க ஆங்கிலேய அரசு ஓர் ஆணையம் அமைத்தது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் மூவரும் அதன் உறுப்பினர்கள். சில மாதங்களுக்குள் நேரிலும் கடிதத்திலும் ஏறத்தாழ 2,000 புகார்கள் வந்தன. நூற்றுக்கணக்கான மைல் தாண்டி வந்தவர்களும் உண்டு. விரல்களை இடையில் வைத்து நசுக்கும் கிட்டியும், குனிய வைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டும் தண்டனையும் 1855இல் வந்த அதன் அறிக்கையில் பதிவாகியுள்ளன. சோழவரம் அன்றைக்கு இருந்த செங்கல்பட்டு மாவட்டம் உட்பட மாகாணம் முழுக்க இந்தக் கொடுமைகள் பெருமளவு நடந்தது நிலவரி வசூலுக்காக. வெயிலில் நிறுத்தினால், கிட்டி போட்டால், குடியானவன் மாட்டை விற்றாவது கட்டிவிடுவான். கருவூலத்தின் கணக்குப்படி அது பயனுள்ள முறைதான். காவல் நிலையத்தில் ‘கேஸ் முடிஞ்சுது’ என்று சொல்லும்போதும் கணக்கு அப்படித்தான் பார்க்கப்படுகிறது. திருடன் கிடைத்தானா என்பது வேறு விஷயம்.

அந்த ஆணையத்தின் கசப்பான பாடத்துக்குப் பிறகு வந்த 1872 சாட்சியச் சட்டம், போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று 25ஆம் பிரிவில் சொல்லிற்று. அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு ஒரு விலக்கையும் வைத்தது: வாக்குமூலத்தின் மூலம் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்குக் காரணமான பகுதி மட்டும் செல்லும். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் 23ஆம் பிரிவாக இது தொடர்கிறது. ஆகவே வேண்டியது வெறும் ஒப்புதல் அல்ல, ‘ரெக்கவரி’. என்னை அழைத்துப் போனால் இடத்தை அடையாளம் காட்டுகிறேன் என்ற பாணியிலான வரி நம் ஊர் வாக்குமூலங்களில் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறாமல் வருவதன் ரகசியம் இதுதான். படித்தவரும் படிக்காதவரும், தமிழ் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே நடையில் பேசுவார்களா? நாவலாசிரியருக்கு அந்த ஒரு வரியே ஒரு முழு அத்தியாயம்.

சரி, சோழவரத்து நாவல் எப்படி இருக்கலாம்? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளும் ரோலிங் மில்களும் நிறைய. ஒடிசா, பீகார், வங்கம், அசாமிலிருந்து வந்த இளைஞர்கள் அங்கே உலைக்கு முன்னால் நிற்கிறார்கள், தகரக் கொட்டகையில் முறை வைத்துத் தூங்குகிறார்கள். ஒரு கம்பெனியில் செம்புக் கம்பி திருடு போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாளி தரப்பிலிருந்து தினம் போன். இன்ஸ்பெக்டருக்கு மேலிடத்து அழுத்தம். ஸ்டேஷனில் ஆள் போதாது, இருப்பவர்களில் பாதி பேர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார்கள். நான்கு ஒடியாப் பையன்களைக் கூட்டி வருகிறார்கள். 1983இல் குண்டூரில் தெலுங்கு புரியாமல் நின்ற தமிழ்ப் பையன்களின் இடத்தில் இன்றைக்கு இவர்கள் நிற்கிறார்கள். அன்றைக்கு நம் பிள்ளைகளுக்காகத் துடித்த வாசகர், இப்போது அடிக்கிற பக்கத்தில் தன் மொழியைக் கேட்பார்.

இதில் முக்கியமான பாத்திரம் அடிக்கிறவரோ அடி வாங்குகிறவரோ அல்ல, மொழிபெயர்க்கிறவர். பெரும்பாலும் அது ஆள் கூட்டி வந்த கான்ட்ராக்டராகவோ மேஸ்திரியாகவோ இருக்கும். பையன் சொல்வதை அப்படியே சொன்னால் இன்னும் அடி விழும். மாற்றிச் சொன்னால் அடி நிற்கும், கேஸ் விழும். இந்த இருவரி இக்கட்டில் வெடிகுண்டுக் கதையைவிடப் பல மடங்கு அறச் சிக்கல் இருக்கிறது. இது இட்டுக்கட்டிய சிக்கலும் அல்ல.

இருளர் குடும்பங்களை விட்டுவிட்டும் இந்தப் பகுதியின் நாவலை எழுத முடியாது. திருவள்ளூர் மாவட்டத்தின் அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டவர்களில் பலர் இருளர்கள். திருட்டு என்றால் முதலில் யார் வீட்டுக் கதவு தட்டப்படும் என்பது அவர்களுக்குத் தெரியும். 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் குறவர் சமூகத்து ராஜாக்கண்ணுவுக்கு நேர்ந்த லாக்கப் மரணமும், அவர் மனைவி பார்வதிக்காக வழக்கறிஞர் கே. சந்துரு நடத்திய வழக்கும் இருளர் கதையாக மாறி ‘ஜெய் பீம்’ படம் ஆனது நமக்குத் தெரியும். அங்கேயும் தொடக்கம் ஒரு நகைத் திருட்டுப் புகார்தான்.

கொடிய குற்றம் என்றால் அடிக்கத்தான் வேண்டும் என்ற எதிர்வாதத்தை நேராகப் பார்க்க வேண்டும். 2025 ஜூலையில் கும்மிடிப்பூண்டிக்கு அருகே ஆரம்பாக்கத்தில் பள்ளியிலிருந்து திரும்பிய ஒரு சிறுமிக்குக் கொடுமை நடந்தது. அந்தக் குழந்தையின் வீட்டார் முன்னால் நின்று குற்றவாளியின் மனித உரிமை பற்றிப் பேச யாருக்கும் நா எழாது, எழவும் வேண்டாம். ஆனால் சந்தேக நபர் எப்படிச் சிக்கினார்? கண்காணிப்புக் கேமராவில் பதிவான உருவத்தை வைத்துப் போலீஸார் பல படைகளாகப் பிரிந்து, மாநில எல்லை தாண்டித் தேடி, ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து ஆந்திராவின் சூலூர்பேட்டை ரயில் நிலையத்தில் பிடித்தார்கள். மெதுவான, அலுப்பான, உழைப்புப் பிடிக்கும் வேலை அது. அந்த இரண்டு வாரத்தில் அந்தப் பகுதியில் வடமாநில இளைஞர் ஒருவரைப் பிடித்துப் போய் அடித்திருந்தால் அவரும் ஏதாவது ஒன்றை ஒப்புக்கொண்டிருப்பார். உண்மையான ஆள் ரயிலேறிப் போயிருப்பார்.

நம் ரசனையும் இதில் பங்குதாரர். பிடிபட்டவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை உடைந்தது என்ற செய்தியையும் மாவுக்கட்டுப் படத்தையும் சிரிப்போடு பகிர்ந்துகொள்ளும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. அந்தக் கழிப்பறைகள் கைதிகளுக்கு மட்டும்தான் வழுக்குமா என்று 2025இல் உயர் நீதிமன்றமே கேட்க வேண்டி வந்தது. கதாநாயகன் லாக்கப்பில் அடிக்கும்போது தியேட்டரில் எழும் விசிலை நினைத்துப் பார்த்தால், ‘விசாரணை’ போன்ற ஒரு படம் எத்தனை பெரிய நீரோட்டத்துக்கு எதிராக நீந்தியது என்பது புரியும். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டும் இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய தடுப்பு மசோதா மாநிலங்களவையைத் தாண்டாமலே காலாவதியானது. இதற்காக எந்தத் தேர்தலிலும் யாரும் தோற்றதில்லை.

புதிதாக எழுதுகிறவருக்குக் கடைசியாகச் சாத்தான்குளத்தைச் சொல்ல வேண்டும். 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லிப் பிடிக்கப்பட்ட ஜெயராஜும் அவரைத் தேடிப் போன மகன் பெனிக்ஸும் அடுத்த சில நாள்களில் இறந்தார்கள். அங்கே கண்டுபிடிக்க வேண்டிய பொருள் இல்லை, கேட்க வேண்டிய கேள்விகூட இல்லை. அன்றிரவு அதே ஸ்டேஷனில் பணியில் இருந்தவர் தலைமைக் காவலர் ரேவதி. விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் விடிய விடிய அடித்ததையும், லத்தியிலும் மேசையிலும் ரத்தக் கறை இருந்ததையும் அவர்தான் சொன்னார். வெளியே சக போலீஸார் கூடி நிற்க, பயந்து நடுங்கியபடி, வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடத் தயங்கி, பிறகு போட்டார். நிலையத்தின் கேமராப் பதிவுகள் அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததால் அவருடைய சொல்லின் மதிப்பு இன்னும் கூடியது. அவருக்குப் பாதுகாப்பு கொடுக்க உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

அந்த இரவில் பக்கத்து அறையில் இருந்த ஒருவரின் கண் வழியாகத் தமிழில் ஒரு நாவல் வந்தாக வேண்டும். சத்தம் கேட்கிறது. மேலதிகாரி இருக்கிறார். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், சம்பளம் வேண்டும். சொல்வதா, வேண்டாமா? எழுதத் தேவையான ஆவணங்கள் நீதிமன்றப் பதிவுகளில் இருக்கின்றன, 1855 அறிக்கையும் எவரும் படிக்கக் கிடைக்கிறது. சிப்காட் கொட்டகைகளுக்குப் போய்ப் பேசத்தான் ஒடியாவோ இந்தியோ தெரிந்த ஒரு துணை வேண்டும்.