வகுப்பில் மார்க்... தெருவில் சந்தேகம்! அமெரிக்கப் பள்ளிகளில் ஸ்பானிஷ் படும் பாடு

2025 அக்டோபரில், அமெரிக்காவின் 'சாட்டர்டே நைட் லைவ்' டிவி நிகழ்ச்சிக்கு வந்திருந்தார் போர்ட்டோ ரிக்கோ பாடகர் பேட் பன்னி. கொஞ்ச நேரம் ஸ்பானிஷில் பேசியவர், ஆங்கிலத்துக்கு மாறி, 'நான் பேசினது புரியலைன்னா கத்துக்கோங்க, இன்னும் நாலு மாசம் டைம் இருக்கு' என்கிற அர்த்தத்தில் ஒரு போடு போட்டார். 2026 பிப்ரவரி சூப்பர் பௌல் போட்டியின் இடைவேளை நிகழ்ச்சிக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். 'நம்ம நாட்டு மேடையில ஸ்பானிஷ் பாட்டா?' என்று ஒரு தரப்பு கொதித்ததற்கான பதில்தான் அது.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர்கள் மிக அதிகமாகப் படிக்கும் அந்நிய மொழியே ஸ்பானிஷ்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர, ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியை 2 வருடம் படித்திருக்க வேண்டும். நிறைய பேர் அதற்கு எடுப்பது இதைத்தான். நாட்டில் 4 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டில் பேசுவதும் இதே மொழிதான். அப்படியிருக்க, 'அந்நிய மொழி' என்று அதை ஏன் இன்னும் தள்ளி நிறுத்துகிறார்கள்? பதிலின் ஒரு பகுதி, அது வகுப்பறையில் எப்படிச் சொல்லித்தரப்படுகிறது என்பதில் இருக்கிறது.

தோரணம் கட்டினால் போதுமா?

மொழியைப் பண்பாட்டோடு சேர்த்துத்தான் கற்றுத்தர வேண்டும் என்பதில் அங்கே பெரிய சண்டை கிடையாது. 1996-ல் வெளியான அந்நாட்டின் மொழிக் கல்வித் தர விதிகளிலேயே பண்பாட்டுக்குத் தனி இடம் உண்டு. கல்லூரிப் பாடத்துக்கு நிகரான ஏ.பி. படிப்பின் பெயரே 'ஸ்பானிஷ் மொழியும் பண்பாடும்'தான்.

ஆனால், நடைமுறையில் பண்பாடு என்பது பல வகுப்புகளில் டாக்கோ சாப்பிடுவது, கலர் பேப்பர் தோரணம் கட்டுவது என்று முடிந்துவிடுகிறது. மே 5-ம் தேதி கொண்டாடப்படும் 'சிங்கோ தே மாயோ'வையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கர்கள் பலர் அதை மெக்ஸிகோவின் சுதந்திர தினம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது, 1862-ல் பிரெஞ்சுப் படையை பியூப்ளா நகரில் மெக்ஸிகோ வீரர்கள் தோற்கடித்த நாள். சுதந்திர தினம் செப்டம்பர் 16. தொப்பி போட்டு போட்டோ எடுத்த மாணவருக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை என்றால், அது அனுபவம் அல்ல... வெறும் அலங்காரம்!

நல்ல ஆசிரியர்கள் இன்னும் ஒரு படி போகிறார்கள். நவம்பர் 1, 2 தேதிகளில் வரும் இறந்தோர் தினத்துக்குப் படையல் மேடை வைப்பதோடு நிற்காமல், 'இறந்தவங்களுக்கு ஏன் பிடிச்ச சாப்பாட்டை வைக்கிறாங்க? சாவை அவங்க எப்படிப் பார்க்கிறாங்க?' என்று கேட்கிறார்கள். நமக்கு இது சட்டென்று புரியும். நம்மூர் கல்லறைத் திருநாளும் அதே நவம்பர் 2-தானே? மேடையில் வைக்கும் செண்டுமல்லிகூட நமக்குத் தெரிந்த பூதான்.

இலக்கணத்துக்குள்ளும் பண்பாடு ஒளிந்திருக்கிறது. ஸ்பானிஷில் 'தூ' என்றால் நீ, 'உஸ்தேத்' என்றால் நீங்கள். ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்த பிள்ளைக்கு இது மண்டையைக் குடையும். யாரிடம் எதைச் சொல்வது என்பதும் ஊருக்கு ஊர் மாறும். கொலம்பியாவின் சில பகுதிகளில் வீட்டு ஆட்களிடமே 'உஸ்தேத்' போட்டுப் பேசுவார்கள். அர்ஜென்டினாவில் 'தூ'வுக்குப் பதில் 'வோஸ்'. இதையெல்லாம் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய முடியாது. பேசுகிறவர்களோடு பழகினால்தான் பிடிபடும்.

வீட்டு ஸ்பானிஷுக்கு மார்க் இல்லையா?

அப்படிப் பழக, விமானம் ஏறி ஸ்பெயினுக்கோ கோஸ்டா ரிக்காவுக்கோ போக வேண்டும் என்று நினைக்கிறார்கள் வசதியான பெற்றோர்கள். ஆனால், அதே வகுப்பின் கடைசி பெஞ்சில் வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பிள்ளையின் நிலைமைதான் சிக்கல். சரளமாகப் பேசும், ஆனால் எழுத்தில் தடுமாறும். பஸ்ஸுக்குப் பாடப்புத்தகம் 'அவுதோபூஸ்' என்று சொல்லும். மெக்ஸிகோ வீட்டில் அது 'கமியோன்'. போர்ட்டோ ரிக்கோ வீட்டில் 'வாவ்வா'. வீட்டு வார்த்தையை எழுதி சிவப்பு மையில் சுழி வாங்கும் பிள்ளை, 'அம்மா பேசுறதே தப்போ?' என்றுதானே யோசிக்கும்?

இந்தக் காயம் பழையது. டெக்ஸாஸில் ஒரு காலத்தில், பள்ளியில் ஸ்பானிஷ் பேசினாலே தண்டனை. 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து வெளியேறியபோது, இருமொழிக் கல்வியும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. 1998-ல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் இருமொழிக் கல்வியைப் பெருமளவு முடக்கினார்கள். 2016-ல் அவர்களே ஓட்டுப் போட்டு அந்தத் தடையை நீக்கினார்கள்.

ஒரே மொழி, ரெண்டு நியாயம்

இப்போது மறுபடியும் காற்று மாறியிருக்கிறது. 2025 மார்ச் 1-ம் தேதி ஆங்கிலத்தை நாட்டின் அதிகாரபூர்வ மொழியாக அறிவித்தார் அதிபர் ட்ரம்ப். அதைவிடப் பெரிய விஷயம் செப்டம்பரில் நடந்தது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில், இனம், ஸ்பானிஷ் பேசுவது, நிற்கும் இடம், செய்யும் வேலை ஆகியவற்றை மட்டுமே வைத்து ஒருவரைக் குடியேற்ற அதிகாரிகள் தடுத்து விசாரிக்கக் கூடாது என்று கீழ் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. செப்டம்பர் 8-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காலையில் வகுப்பில் ஸ்பானிஷ் பேசினால் ஒரு மாணவிக்கு 'ஏ' கிரேடு. சாயங்காலம் அதே மொழியை பஸ் ஸ்டாப்பில் பேசினால், அவள் தோழியின் அப்பாவை அதிகாரி சந்தேகத்தோடு பார்க்கலாம். கற்றுக்கொண்டவருக்குத் திறமை, பிறப்பிலேயே பேசுபவருக்குக் குற்றமா?

வழி இல்லாமல் இல்லை. வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்கென்றே தனிப் பாடப்பிரிவுகள் பல பள்ளிகளில் இருக்கின்றன. இரண்டு மொழிகளில் தேறியவர்களின் பள்ளிச் சான்றிதழில் இருமொழி முத்திரை பதிக்கும் திட்டத்தை, 2011-ல் சட்டம் போட்டு முதலில் கொண்டுவந்தது கலிஃபோர்னியா. பிறகு மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. வீட்டு மொழியை மறைக்க வேண்டியதில்லை, அதுவும் தகுதிதான் என்று அரசே சொல்கிறது அல்லவா? இதோடு, தெருமுனைக் கடைக்காரரையோ தோழியின் பாட்டியையோ பேட்டி எடுத்துவரச் சொல்லும் ஒரு வீட்டுப்பாடம், எந்தச் சுற்றுலாவுக்கும் குறைந்த அனுபவம் இல்லை. செலவும் கிடையாது.

அங்கே வளரும் நம் தமிழ்ப் பிள்ளைகள் பலரும் ஸ்பானிஷ்தான் எடுக்கிறார்கள். வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி என்று வாழ்வதன் கூச்சமும் பெருமையும் அவர்களுக்குத் தெரியும். உங்கள் அக்கா மகளோ பேரனோ அப்படிப் படிக்கிறார்களா? அடுத்த வீடியோ காலில் 'எத்தனை மார்க்?' என்று கேட்பதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்... 'உன் கிளாஸ்ல வீட்டுல ஸ்பானிஷ் பேசுற பிள்ளை யாரு? அவங்ககூட பேசிப் பார்த்தியா?'