பயில்வானுக்கு எதுக்குங்க பட்டர்ஃபிளை மெஷின்?

மல்யுத்தம் என்றால் நம்மில் பலருக்கு 'தங்கல்' படமும், நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஒலிம்பிக்ஸ் சமயத்தில் பொங்கி வரும் தேசபக்தியும்தான். இதைப் பற்றி ஒரு சாப்ட்வேர் ஆசாமி பேசுவதா என்று கேட்பவர்களுக்கு: விசை, நெம்புகோல் எல்லாம் காலேஜில் அரியர் வைக்காமல் பாஸ் பண்ணியிருக்கிறேன். அந்தத் தகுதி போதும் :-)

மேட்டர் இதுதான். ஒரு மல்யுத்தக் கூடத்துக்கு எங்கிருந்தாவது கொஞ்சம் பணம் வந்தால் முதலில் வந்து இறங்குவது பளபளவென்று ஒரு மல்டி ஜிம். உட்கார்ந்து காலை நீட்டும் மெஷின், உட்கார்ந்து கையை மூடித் திறக்கும் பட்டர்ஃபிளை மெஷின், உட்கார்ந்து பைசெப்ஸ் மடக்கும் மெஷின். ரிப்பன் வெட்டி போட்டோ எடுக்க நல்லாத்தான் இருக்கும். மல்யுத்தத்துக்கு இதில் முக்கால்வாசி தண்டம்.

ஏன்னு கேளுங்க. ஃப்ரீஸ்டைல் போட்டி மொத்தம் ஆறு நிமிஷம். மூணு மூணு நிமிஷமாக இரண்டு சுற்று, நடுவில் 30 வினாடி இடைவேளை. அந்த நேரத்தில் ஒருத்தன் மணிக்கட்டைப் பிடிக்கிறான், பிடரியைப் பிடித்து இழுக்கிறான், காலைக் கவ்வித் தூக்குகிறான். எதிராளி சும்மா நிற்பானா? வழுக்குகிறான், திமிறுகிறான். மெஷினில் எடை ஒரு தண்டவாளத்தில் நேராகப் போய் நேராக வரும். பேலன்ஸ் பண்ணுகிற வேலையை மெஷினே பார்த்துக்கொள்ளும். மல்யுத்தத்தில் அந்த பேலன்ஸ்தான் பாதி சண்டை. தவிர, பாய் மேல் யாரும் நாற்காலி போட்டுத் தரப்போவதில்லை.

அடுத்த விஷயம் எடைப்பிரிவு. பாடிபில்டருக்குப் புஜம் பெருத்தால் லாபம். பயில்வானுக்கு அது தராசில் ஏறும் சுமை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் வினேஷ் போகாட் 50 கிலோ பிரிவில் இறுதிப் போட்டிக்குப் போன பிறகு, வெறும் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதியிழந்தார். அதே பாரிஸில் 57 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கிய அமன் செஹ்ராவத், அந்தப் போட்டிக்கு முந்தைய ராத்திரி பூரா தூங்காமல் நாலரை கிலோவுக்கு மேல் குறைக்க வேண்டியிருந்தது. கிராம் கணக்கில் தலையெழுத்து மாறுகிற விளையாட்டில், கண்ணாடி பார்க்க மட்டும் உதவும் சதையை மாங்கு மாங்கென்று ஏற்றுவது என்ன நியாயம்?

"அதான் நாங்க அப்பவே சொன்னோம், நம்ம பாரம்பரியமே பாரம்பரியம்" என்று கிளம்பும் கோஷ்டிக்கும் ஒரு வார்த்தை. கதையை (ஹனுமார் கையில் இருக்குமே, அதேதான்) நானும் ரசிப்பவன். ஒரு மீட்டர் மூங்கில் நுனியில் 10 கிலோ கல்லைச் செருகிக் கிடையாகப் பிடித்துப் பாருங்கள். மணிக்கட்டுக்கு வருகிற திருப்பு விசை கிட்டத்தட்ட 100 நியூட்டன் மீட்டர். அதே 10 கிலோ டம்பெல்லில் எடை உள்ளங்கையிலேயே உட்கார்ந்திருப்பதால் மணிக்கட்டுக்குப் பெரிதாக வேலையே இல்லை. நம்மூர் கர்லாக்கட்டைக்கும் இதே கணக்குதான். பிடிக்கும் தோளுக்கும் அருமையான கருவி, மறுக்கவே இல்லை.

ஆனால் தினம் ஆயிரம் பஸ்கி, ஐநூறு தண்டால் என்பது வேறு காலத்துக் கணக்கு. 1910இல் லண்டனில் காமா பயில்வானும் ஸ்பிஸ்கோவும் மோதிய போட்டி இரண்டரை மணி நேரம் தாண்டியும் முடிவு தெரியாமல் போனது. அப்படி இழுக்கும் ஆட்டத்துக்கு ஆயிரம் பஸ்கி வேண்டும்தான். ஆறு நிமிஷத்தில், உன் எடையே உள்ள ஒருத்தனைத் தரையிலிருந்து பிய்த்துத் தூக்க அது போதாது. நூறு பஸ்கி போட முடிந்தவன் இருநூறு போட்டால் தம் கூடும், பலம் அந்த அளவு கூடாது. பலம் கூட வேண்டுமென்றால் சுமை கூட வேண்டும். அதுக்கு பார்பெல் மாதிரி சௌகரியம் வேறில்லை. இன்றைக்கு 60, அடுத்த மாசம் 65 என்று தட்டு மாட்டிக்கொண்டே போகலாம்.

சரி, குறை மட்டும் சொன்னால் எப்படி? என் லிஸ்ட் இதோ:

1. பார்பெல். ஸ்குவாட், டெட்லிஃப்ட், பவர் க்ளீன். கடைசியாகச் சொன்னது இடுப்பை வெடுக்கென்று நிமிர்த்தக் கற்றுத்தரும், ஆளைத் தூக்குவதும் அதேதான். சொல்லித்தரத் தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டும்.

2. விட்டத்தில் கட்டிய கனமான கயிறு. காலை உபயோகிக்காமல் ஏற வேண்டும். பிடி, முன்னங்கை, முதுகு எல்லாம் ஒரே வேலையில்.

3. புல்-அப் கம்பி, அதில் போட ஒரு பழைய துண்டு. துண்டைப் பிடித்துத் தொங்கினால் தெரியும் சேதி.

4. மணல் மூட்டை. கட்டிப் பிடித்துத் தூக்கினால் அதுவும் எதிராளி மாதிரியே நழுவும்.

5. கழுத்துக்கு ஒரு கூட்டாளி. அவன் கையால் நாலு பக்கமும் மெதுவாக அழுத்த, நீங்கள் தாங்க வேண்டும். எடுத்த எடுப்பில் தலையை ஊன்றி பிரிட்ஜ் போடாதீர்கள்.

இதெல்லாம் வாரம் இரண்டு, மூணு நாள், கொஞ்ச நேரம். மீதி நேரம் பாய் மேலேயே ஓட வேண்டும். எடை தூக்கிக் களைத்துப்போய்ப் பிடி போட வருபவன் இரண்டையும் கெடுத்துக்கொள்கிறான்.

மெஷினே கூடாது என்று சொல்லவில்லை. முழங்கால் அடிபட்டுத் தேறி வருபவருக்கு, பிசியோதெரபிஸ்ட் சொன்னால், அந்தக் கால் நீட்டும் மெஷின் உபயோகம்தான். அதுக்கு ஒண்ணு போதும், பன்னிரண்டு வேண்டாம்.

பணம் கொடுக்கும் புண்ணியவான்களுக்கு ஒரு விண்ணப்பம். மல்யுத்தத்துக்கு வரும் பிள்ளைகளில் பலர் விவசாயக் குடும்பத்துப் பசங்க. ரெண்டு பார்பெல் செட்டும் நாலு கயிறும் வாங்குங்கள். மிச்சத்தை அவர்களின் பாலுக்கும் பாதாமுக்கும் கொடுங்கள். போட்டோ கொஞ்சம் சுமாராத்தான் வரும், பரவாயில்லை.

டிஸ்கி: ஜிம் ஓனர்கள் யாரும் ஆட்டோ அனுப்ப வேண்டாம். தொப்பை குறைக்க வரும் எங்களைப் போன்ற ஐடி மக்களுக்கு உங்கள் மெஷின்கள் தாராளமாகப் போதும்.