கேட்கும் உரிமையும் கைக்கெட்டும் வானொலியும்

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு உடனடியாக எவை தேவை என்று பட்டியல் தயாரிக்கும்போது அரிசி, பருப்பு, பாய், போர்வை, கூரைத் தகரம், மண்வெட்டி, விதை என்று எழுதுகிறோம். பல ஆண்டுகளாக நானும் இத்தகைய பட்டியல்களை எழுதி வந்திருக்கிறேன். அவற்றில் ஒன்றிலேனும் வானொலிப் பெட்டி என்ற சொல் இடம்பெற்றதில்லை. அது இடம்பெற்றிருக்க வேண்டும் என்பதையும், எத்தகைய பெட்டி என்பதை நன்றாக யோசித்தே தெரிவு செய்ய வேண்டும் என்பதையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

மண்சரிவு அபாயம் காரணமாகத் தமது லயனையும், கீழே பயிரிட்டிருந்த மரக்கறித் தோட்டத்தையும் விட்டு வந்து, லுணுகலைப் பக்கம் உறவினர் வீட்டில் தங்கியிருந்த ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். வீட்டின் மூலையில் கண்பார்வை மங்கிய ஒரு தாத்தா அமர்ந்திருந்தார். "வீடு போனதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன் சாமி. நேரம் காலம் தெரியாம குந்தியிருக்கிறதுதான் பொறுக்க முடியல" என்றார். அவருடைய பழைய வானொலிப் பெட்டி மண்ணுக்குள் போய்விட்டது. காலைச் செய்தி, மரண அறிவித்தல், பழைய பாட்டு, இரவுச் செய்தி என்று அவருடைய நாளை வகுத்துத் தந்தது அந்தப் பெட்டிதான்.

அந்த வீட்டில் வேறொரு பெட்டியும் இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர் ஒருவர் அன்போடு அனுப்பிய இணைய வானொலி அது. உலகத்து நிலையங்கள் எல்லாம் கேட்கும் என்று சொன்னார்கள். ஆனால் அதற்கு வைஃபை வேண்டும், மின்சாரம் வேண்டும். அதன் முகப்பில் ஒரு பொத்தான்கூடக் கிடையாது. வழுவழுப்பான கண்ணாடியைத் தொட்டுத்தான் இயக்க வேண்டும். பேரனின் கைப்பேசி இருந்தால் அதன் இணைப்பில் பாடும். பேரனோ கைப்பேசியுடன் காலையிலேயே பசறைக்கு வேலைக்குப் போய்விடுவான். ஆகவே அந்தப் பெட்டி துணி போர்த்தி அலுமாரியின் மேல் இருந்தது. தாத்தா வாசலில் சும்மா இருந்தார்.

இதில் யாரையும் குறைகூற முடியாது. அனுப்பியவருக்கு அன்பு இருந்தது. பேரனுக்கு வேலை இருந்தது. ஆனால் கேட்கப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

அலை நின்றது, செலவு மாறியது

வானொலி உலகில் கடந்த சில ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றத்தை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் திகதியுடன் நின்றது. மணிலாவிலிருந்து நம் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த வேரித்தாஸ் வானொலியின் சிற்றலை ஒலிபரப்பு 2018ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நிறுத்தப்பட்டது. இவற்றின் பணி மறைந்துவிடவில்லை. அது இணையத்திற்குக் குடிபெயர்ந்தது. ஆனால் சிற்றலைப் பெட்டி மட்டும் வைத்திருந்தவர்கள் அந்தப் பயணத்தில் கூடப் போக முடியவில்லை. இடம்பெயர்தல் என்றால் என்னவென்று அறிந்த நமக்கு இது புரியாத விடயமல்ல.

சிற்றலையில் நிலையம்தான் பெருஞ்செலவைச் சுமந்தது. கேட்பவர் இரண்டு பற்றரி வாங்கினால் போதும். இணைய வானொலியிலோ கேட்பவரும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் டேட்டாவாகப் பணம் கட்டுகிறார். கணக்குப் பார்ப்போம். விநாடிக்கு 64 கிலோபிட் அளவில் ஒலிபரப்பாகும் நிலையத்தை ஒரு மணித்தியாலம் கேட்டால் ஏறத்தாழ 29 மெகாபைட் செலவாகும். நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம் என்றால் மாதத்திற்கு ஏறத்தாழ 2.6 ஜிகாபைட். 128 கிலோபிட் நிலையமானால் அதில் இரு மடங்கு. பட்டணத்தில் மாதச் சம்பளம் பெறுகிறவருக்கு இது பெரிதல்ல. நாட்கூலியில் ரீலோட் போடும் குடும்பத்தில், பிள்ளையின் படிப்புக்கான டேட்டாவா, தாத்தாவின் வானொலிக்கான டேட்டாவா என்ற கேள்வி எழும். தாத்தா தாமாகவே விட்டுக்கொடுத்துவிடுவார்.

இணையத்தை வெறுக்க வேண்டாம்

இப்படிச் சொல்வதனால் இணைய வானொலி வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. அதன் நன்மைகள் உண்மையானவை. தவறவிட்ட நிகழ்ச்சியை மாலையில் ஆறுதலாகக் கேட்கலாம். மலை மறைத்து அலை எட்டாத நிலையத்தையும் பெறலாம். புலம்பெயர்ந்த பிள்ளைகள் வாழும் நாட்டுத் தமிழ் நிலையத்தை இங்கிருந்தே கேட்கலாம். கேள்வி இணையமா வானொலியா என்பதல்ல. இரண்டையும் எந்த ஒழுங்கில், யாருடைய தேவைக்காகச் சேர்க்கிறோம் என்பதே.

இதற்கு நம் நாட்டிலேயே வழிகாட்டி உண்டு. மகாவலித் திட்டத்தினால் தமது கிராமங்களை இழந்து புதிய குடியேற்றங்களுக்குச் சென்ற விவசாயக் குடும்பங்களுக்காக 1981இல் யுனெஸ்கோ, டென்மார்க் ஆகியவற்றின் உதவியுடன் மகாவலி சமூக வானொலி தொடங்கப்பட்டது. தயாரிப்பாளர்கள் கிராமங்களுக்குச் சென்று தங்கி, மக்களின் குரலையே பதிவு செய்தார்கள். நமது பதுளை மாவட்டத்தின் கிராந்துருகோட்டையிலும் பின்னர் கொத்மலையிலும் சிறு நிலையங்கள் எழுந்தன. 1990களின் இறுதியில் கொத்மலை நிலையத்திற்கு இணைய வசதி கிடைத்தபோது அவர்கள் செய்தது மிகவும் எளிமையானது. மக்கள் தமது கேள்விகளை நிலையத்திற்கு அனுப்பினார்கள். நிலையத்தார் இணையத்தில் விடை தேடி, அதை மக்களின் மொழியில் வானொலியில் விளக்கினார்கள். வீட்டுக்கு வீடு கணினி தேவைப்படவில்லை. இணையம் நிலையத்தில் இருந்தது. சாதாரண வானொலிப் பெட்டி வீட்டில் இருந்தது. ஏழை வீட்டுக்கு இணையத்தின் பயனைக் கொண்டுபோக இதைவிடச் சிறந்த வழியை நான் இன்னும் காணவில்லை.

விவசாயிக்கும் வானொலிக்கும் உள்ள உறவு பழையது. 1960களில் தஞ்சாவூர்ப் பகுதி உழவர்கள் ஆடுதுறை 27 என்னும் நெல்லைப் பற்றித் திருச்சி வானொலியில் கேட்டு, அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்தார்கள். கொலம்பியா நாட்டில் சல்செடோ என்ற இளங்குரு 1947இல் தமது மலைப் பங்கில் சுத்தாத்தென்சா வானொலியைத் தொடங்கி, எழுத்தறியாத உழவர்களுக்கு எழுத்தும் கணக்கும் விவசாயமும் கற்பித்தார். எனினும் அங்கு வழங்கப்பட்ட பெட்டிகள் அந்த நிலையத்தை மாத்திரம் எடுக்கும்படி செய்யப்பட்டிருந்தன என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். ஒரே குரலை மாத்திரம் தரும் பெட்டி எவ்வளவு நல்ல குரலைத் தந்தாலும் கேட்பவரின் சுதந்திரத்தைக் குறைத்தே விடுகிறது. பெட்டி கேட்பவருடையதாக இருக்க வேண்டும்.

மழை இரவில் யார் கேட்பது?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது, மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. பல இடங்களில் மின்சாரம் போனது. தொலைபேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. எச்சரிக்கைகள் போதியளவு தமிழில் வரவில்லை என்ற முறைப்பாடும் பலராலும் எழுப்பப்பட்டது.

மண்சரிவு எச்சரிக்கையை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் வெளியிடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரானால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 மில்லிமீற்றரானால் வெளியேற வேண்டும். இந்தச் செய்தி கைப்பேசிக்கு மட்டும் வருமானால், கோபுரம் விழுந்த இரவில் அது யாரையும் சென்றடையாது. நிலையம் ஒலிபரப்பும் வரை, பற்றரியில் இயங்கும் சாதாரண வானொலி பேசிக்கொண்டிருக்கும். இரவில் தூக்கம் வராமல் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்களே. அவர்களுடைய கையில் பெட்டி இருந்தால் முழுக் குடும்பத்திற்கும் அவர்களே காவல்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வானொலி காணிக்குப் பதிலாகாது. போவதற்குப் பாதுகாப்பான இடம் இல்லாதவனுக்கு வெளியேறு என்ற அறிவித்தலினால் பயனில்லை என்பதை மீரியபெத்தை நமக்குக் கற்பித்தது. உறுதியுடன் கூடிய காணியும் வீடும் கேட்கும் நமது கோரிக்கை அப்படியே நிற்கிறது. ஆனால் அது கிடைக்கும் வரை நம் மக்கள் செவிடர்களாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பெட்டி வாங்கும்போது

முதலாவதாக, கையால் தடவி அறியக்கூடியதாக இருக்கட்டும். சத்தத்திற்கு ஒரு திருகியும் நிலையத்திற்கு ஒரு திருகியும் தனித்தனியாக இருப்பது நல்லது. திறக்கும்போது 'டிக்' என்று உணர்ந்தால் இன்னும் நல்லது. வாங்கப் போகும்போது பாவிக்கப் போகிறவரையே அழைத்துச் சென்று, கண்ணை மூடியபடி இயக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமாகக் கேட்கும் நிலையம் இருக்கும் இடத்தில் நகப்பூச்சினால் ஒரு புள்ளி வைத்தால் விரல் அதைக் கண்டுபிடித்துவிடும்.

இரண்டாவதாக, மின்சாரம். நமது ஊர்க் கடையிலேயே கிடைக்கும் டோர்ச் பற்றரியில் இயங்க வேண்டும். சூரிய ஒளித் தகடோ கையால் சுற்றும் பிடியோ இருந்தால் அது மேலதிக உதவி. மழைக்காலத்தில் சூரியனை மாத்திரம் நம்ப முடியாது. உள்ளே பூட்டப்பட்டு மாற்ற முடியாத பற்றரி பழுதானால் பெட்டியும் அதோடு போய்விடும்.

மூன்றாவதாக, அலை. பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால் மலை மறைத்தால் குறைந்துவிடும். மத்திய அலை இரவில் வெகுதூரத்து நிலையங்களையும் தரக்கூடியது. ஆகவே இரண்டும் உள்ள பெட்டியே நமக்குப் பொருத்தம். பதுளைக் கடையில் தெளிவாகக் கேட்டது நம் பள்ளத்தாக்கில் கேட்காமல் போகலாம். முடிந்தால் அயலவரின் பெட்டியை இரவல் வாங்கி, வீட்டில் எந்த நிலையம் எடுக்கிறது என்று முதலில் சோதியுங்கள்.

நான்காவதாக, கைப்பேசி. சில கைப்பேசிகளில் டேட்டா இல்லாமலே பண்பலை கேட்கலாம். காதில் மாட்டும் வயரே அதற்கு அன்டனா. வாங்குமுன் அந்த வசதி உண்டா என்று விசாரியுங்கள். ஆண்ட்ராய்ட் கைப்பேசிகளில் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டோக்பேக் என்ற வசதியும் உண்டு. பேரப்பிள்ளைகள் ஒரு வாரம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தால் பார்வையற்றவரும் பழகிக்கொள்ளலாம்.

ஐந்தாவதாக, இணைய வானொலிப் பெட்டி. வசதியுள்ளோர் வாங்கலாம், உறவினர் அனுப்பினால் மகிழ்ச்சியோடு பெறலாம். ஆனால் மூன்று விடயங்களைக் கேளுங்கள். இணையம் இல்லாதபோது பண்பலையாவது எடுக்குமா? விரும்பிய நிலையத்தை ஒரே பொத்தானில் பதிந்து வைக்க முடியுமா? நிலையப் பட்டியலைத் தரும் கம்பனி மூடப்பட்டால் பெட்டியின் கதி என்ன? இது கற்பனைப் பயமல்ல. ரெசிவா என்ற நிறுவனத்தின் சேவை 2021 ஏப்ரல் 30ஆம் திகதி நிறுத்தப்பட்டபோது, அதை நம்பியிருந்த பல நல்ல பெட்டிகள் உலகெங்கும் வெறும் மரப்பெட்டிகளைப் போலாயின.

முதலில் கேட்போம்

இங்கிலாந்தில் பார்வையற்றோருக்கு வானொலி வழங்குவதற்கென்றே 1928இல் ஒரு நிதியம் தொடங்கப்பட்டது. 1929 நத்தார் தினத்தன்று வின்ஸ்டன் சேர்ச்சில் அதற்காக வானொலியில் வேண்டுகோள் விடுத்தார். இன்றும் அந்த நிதியம் பார்வையற்றோர் கையாளத்தக்க பெட்டிகளை, இணைய வானொலி உட்பட, வழங்கி வருகிறது. அங்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக நடப்பது, இங்கு ஒரு பங்கு அளவிலாவது நடக்க முடியாதா?

எரிகோவில் பார்வையற்ற பர்த்திமேயு கூவி அழைத்தபோது, அவனுடைய தேவை எல்லாருக்கும் வெளிப்படையாகத் தெரிந்திருந்தும், இயேசு அவனிடம் என்ன வேண்டும் என்று கேட்ட பின்னரே உதவினார். அபிவிருத்திப் பணியில் ஈடுபட்டுள்ள நாம் அனைவரும் இதைக் கற்றுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். நிவாரணம் வழங்கும் அமைப்புகள் பத்துக் குடும்பங்களுக்கு ஒரு நல்ல வானொலியையும், பார்வையற்றவரோ படுக்கையில் இருப்பவரோ உள்ள ஒவ்வொரு வீட்டிற்கும் ஒரு பெட்டியையும் தமது பட்டியலில் சேர்க்கட்டும். வானொலி நிலையங்கள் அனர்த்த அறிவித்தல்களைச் சிங்களத்தில் சொல்லும் அதே நேரத்தில் தமிழிலும் சொல்ல வேண்டும் என்று எழுத்தில் கேட்போம். ஒருவர் கேட்பதைவிட மாதர் சங்கமும் இளைஞர் மன்றமும் சேர்ந்து கையொப்பமிட்டுக் கேட்பது பலமானது. மழைக்காலத்தில் ஒவ்வொரு வரிசை வீடுகளிலும் இரவுச் செய்தியைக் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்லும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுப்போம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை ஒவ்வொரு கதவிலும் எழுதி வைப்போம்.

அந்தத் தாத்தாவுக்கு இரண்டு திருகிகள் உள்ள ஒரு சிறிய பெட்டி கிடைத்தது. நான் மீண்டும் போனபோது அவர் நேரத்தை என்னிடம் கேட்கவில்லை. பதுளைப் பக்கம் மாலையில் மழை என்று சொல்லி, என்னை நேரத்தோடு புறப்படச் சொன்னார். அவர் சொன்னபடியே மழை வந்தது.