சேர்மாருக்குப் பொன்னாடை போதும்



கொஞ்சம் நீளமான பதிவு. இரவு சாப்பிட்ட பிறகு ஆறுதலாக வாசியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள். எங்களைத் தனியாகப் பிடித்துத் திட்டுவதைவிட அது நல்லது.

போன மாதம் எங்களுக்குக் கணிதம் படிப்பித்த ஒரு சேரைப் பார்க்கப் போனோம். கண் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டில் இருந்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அலுமாரியைத் திறந்து காட்டினார். மடித்து அடுக்கிய பொன்னாடைகள். ஒன்று ஆசிரியர் தினத்துக்கு, ஒன்று பழைய மாணவர் சங்கத்துக்கு, ஒன்று ஏதோ ஒரு கட்சிக்காரர் போர்த்தியது. "இதுகள வச்சு நான் என்ன செய்யிற மகன்? பேரப்பிள்ளைக்குத் தொட்டில் கட்டவும் ஏலாது, வழுக்குது" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "போத்தினவங்க ஒருத்தரும் ‘சேர், நாளைக்கு வந்து ஒரு பாடம் எடுங்க’ எண்டு கேக்கல்ல."

அன்றிலிருந்து இந்தப் பதிவை எழுத வேண்டும் என்று இருந்தோம்.

அந்தச் சேரின் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி ஒரு பையன் இருக்கிறான். சாதாரண தரத்தில் மற்றப் பாடமெல்லாம் சித்தி, கணிதம் மட்டும் இல்லை. கணிதம் இல்லாவிட்டால் உயர்தரத்துக்குப் போவதே சிக்கல் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது வாப்பாவோடு பழைய இரும்பு ஏற்றப் போகிறான். இரும்பு வியாபாரத்தை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. அதில்தான் எங்கள் தெருவின் பாதி அடுப்பு எரிகிறது. ஆனால் நான்கு வீட்டுத் தூரத்தில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்த மனிதர் பின்னேரங்களில் சும்மா இருக்கிறார். இவனோ கணிதம் இல்லாமல் லொறி ஏறுகிறான். இந்த இருவரையும் சேர்த்து வைக்க எங்களால் முடியவில்லை. அதுதான் எங்கள் முறைப்பாடு. முறைப்பாடு எங்கள் மேலும்தான்.

இந்தச் சேர்மார் யார் என்று இளம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபர் 30 அன்று சோனகத் தெருவில் ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்தில் கூட்டி, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்ன கதை எல்லா வீட்டிலும் இருக்கிறது. வடக்கின் 5 மாவட்டங்களிலிருந்தும் அந்த மாதத்தில் 70,000க்கும் அதிகமானவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அன்று அந்த மைதானத்தில் நின்ற 28 வயது ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். கையில் நியமனக் கடிதம்கூட இல்லாமல் புத்தளத்துக்குப் போனார். ஓலைக் கொட்டிலிலும், மற்றவர்களின் பாடசாலை விட்ட பிறகு பின்னேர வகுப்பிலும் படிப்பித்தார். புத்தளத்தில் பிறந்த எங்களுக்கு ‘அ’ எழுதிக் காட்டியது அவர்கள்தான். பாடப்புத்தகம் போதாத நாட்களில் ஒரு புத்தகத்தை நாலு பேருக்கு நடுவில் வைத்துப் படித்தோம். தலைகீழாக வாசிக்கவும் பழகினோம், எதிரில் இருந்தவனுக்கு நேராக வைத்திருந்ததால்.

அந்த 28 வயதுக்காரருக்கு 2022இல் 60 வயது. அந்த வருடம் டிசம்பர் 31 அன்று, ஓய்வு வயது 60 ஆக்கப்பட்டதால் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான அரச ஊழியர்கள் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். ஆசிரியர்களும் அதில் இருந்தார்கள். எங்கள் ஊருக்கு அந்த நாளின் கணக்கு வேறு. வெளியேற்றத்துக்கு முந்திய யாழ்ப்பாணத்தில் படிப்பித்து, அகதி வாழ்க்கையிலும் படிப்பித்து, திரும்பி வந்து இங்கேயும் படிப்பித்த தலைமுறை அநேகமாக அன்றோடு வகுப்பறையை விட்டுப் போனது. நாங்கள் கேக் வெட்டினோம், படம் எடுத்தோம், இங்கே முகநூலில் போட்டோம்.

இப்போது அவர்கள் சிதறி இருக்கிறார்கள். சிலர் இங்கே. பலர் புத்தளத்தில், வீடு கட்டி, பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்து, இனி வர மாட்டார்கள். சிலர் கொழும்பில் மகளோடு. சில பேர் மௌத்தாகிவிட்டார்கள், அல்லாஹ் அவர்களுக்கு மறுமை வாழ்வைச் சிறப்பாக்குவானாக.

ஓய்வு பெற்றவர்கள் என்றதும் ஆசிரியர்களை மட்டும் நினைக்கிறோம். கல்லூரி அலுவலகத்தில் இருந்த கிளார்க்கை யாருக்கு ஞாபகம்? ஆய்வுகூடத்தில் அமிலப் போத்தலைத் துடைத்து வைத்தவரை? மணி அடித்த நானாவை? இவர்களுக்குப் பொன்னாடைகூட இல்லை. ஆனால் போன வருடம் எங்களுக்குப் பாடம் சொல்லித் தந்தது ஒரு ஓய்வு பெற்ற கிளார்க்தான்.

நடந்தது இது. ஒரு குடும்பம் புத்தளத்திலிருந்து இங்கே திரும்பி வந்தது. மகள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தவர். இடையில் பாடசாலை மாற்றினார்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்பது பலருக்கும் தெரியும். ஒரு பிள்ளை எந்த மாவட்டத்தில் சேர்க்கப்படுவார் என்பது அடையாள அட்டையில் உள்ள முகவரியை வைத்து இல்லை, பரீட்சைக்கு முந்திய 3 வருடம் எங்கே படித்தார் என்பதை வைத்து. அது அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. வெட்கத்தோடு சொல்கிறோம், எங்களுக்கும் அப்போது சரியாகத் தெரியாது. எதிர்பார்த்த மாவட்டத்தில் அவர் சேர்க்கப்படவில்லை, எதிர்பார்த்த துறையும் கிடைக்கவில்லை. பிறகு அந்தக் கிளார்க்கிடம் போனபோது, விடுகைப் பத்திரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "வீடு மாற முதல் இத என்ட்ட கொண்டு வந்திருந்தா சொல்லியிருப்பனே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பிள்ளையின் உம்மா எழும்பி உள்ளே போய்விட்டார்.

எங்கள் ஊரில் இன்னும் குடும்பங்கள் அங்கும் இங்கும் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. பாதி உறவு புத்தளத்தில், பாதி இங்கே. இந்தக் கேள்வி வருடா வருடம் வரும். மகாபொல விண்ணப்பம், தொலைந்த பிறப்புச் சான்றிதழ், 90க்கு முன் படித்த வாப்பாவின் பாடசாலைப் பதிவு, எல்லாமே அப்படித்தான். பதிவேடு இல்லாத இடத்தில் இந்த முதியவர்களின் ஞாபகம்தான் பதிவேடு. இன்னார் மகன், இன்ன வருடம், இன்ன வகுப்பு என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் பத்து வருடம் இருப்பார்களா?

இது எங்களுக்குப் புதிய எண்ணம் இல்லை. ஏ.எம்.ஏ. அஸீஸைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறோம். 1911இல் எங்கள் வண்ணார்பண்ணையில் பிறந்தவர், வைத்தீஸ்வராவிலும் யாழ் இந்துவிலும் படித்தவர், இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம், 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிறாவின் அதிபர். பட்டியல் எல்லோருக்கும் பாடம். ஆனால் பிள்ளைகளுக்கு உதவுவதைப் பதவியும் சம்பளமும் ஓய்வும் எல்லாம் சரியாகி வந்த பிறகு செய்யலாம் என்று அவர் காத்திருக்கவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. 1942இல் கல்முனையில் அரச அதிகாரியாக இருந்தபோதே அங்கே கல்விச் சங்கம் ஒன்றை அமைத்தார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி. ஸாஹிறாவுக்கு அதிபராகப் போனதே அதற்குப் பிறகுதான். அந்த நிதியால் படித்து ஆளானவர்கள் நாடு முழுவதும் இருக்கிறார்கள். அவர் பிறந்த மண்ணில் நாங்கள் அவருக்கு நினைவு தினம் மட்டும் வைக்கிறோம்.

அடுத்த வீட்டு உதாரணமும் உண்டு. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை திருநெல்வேலி சைவாசிரிய கலாசாலையில் படிப்பித்து 1959இல் ஓய்வு பெற்றார். 1986இல் காலமாகும்வரை அந்தக் கலாசாலை வீதியில் அவருடைய வீட்டுக்குப் படிக்கிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1978இல் கௌரவ கலாநிதிப் பட்டம் கொடுத்தது. ஆனாலும் ஆட்கள் பட்டத்தைப் பார்த்து வரவில்லை, சந்தேகம் கேட்க வந்தார்கள். எங்களில் சிலர் கோப்பாயில் ஆசிரியப் பயிற்சி எடுத்த காலத்தில், அந்த வழியால் சைக்கிளில் போகும்போது எங்களுடைய தமிழ் விரிவுரையாளர் இந்தக் கதையைச் சொல்வார். ஓய்வு பெற்ற ஒருவரின் விறாந்தை ஒரு ஊருக்கு என்ன செய்யும் என்று அப்போது விளங்கவில்லை.

சரி, எங்கள் தெருவில் ஏன் நடப்பதில்லை? மூன்று நான்கு காரணம் சொல்வார்கள். முதலாவது ரியூசன். யாழ்ப்பாணத்தில் ரியூசன் கொட்டிலுக்குப் போகாத பிள்ளை படிக்காத பிள்ளை என்று ஆகிவிட்டது. காசு கொடுக்காத வகுப்புக்கு மதிப்பில்லை. இதில் நாங்களும் சுத்தமில்லை, எங்களிலும் சிலர் பின்னேரம் ரியூசன் எடுக்கிறோம். பெற்றோல் விலைக்கும் பால்மா விலைக்கும் ஆசிரியச் சம்பளம் போதாது. அதனால் இலவச வகுப்பு வந்தால் எங்கள் வகுப்புக்கு ஆள் குறையும் என்ற பயம் எங்களுக்குள்ளேயே இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல விருப்பமில்லை.

இரண்டாவது, சங்கம். ஏதாவது நல்லது செய்வோம் என்றால் முதலில் தலைவர், செயலாளர், பொருளாளர், கடிதத் தலைப்பு, றப்பர் முத்திரை. மூன்றாவது கூட்டத்தில் சண்டை. நான்காவது கூட்டத்துக்கு ஆள் இல்லை. பழைய மனஸ்தாபங்களும் இருக்கின்றன. இன்ன அதிபர் காலத்தில் இன்னாருக்கு இடமாற்றம் போட்டது இன்றைக்கும் ஆறவில்லை. அந்த இருவரையும் ஒரே மேசையில் இருத்த நாங்கள் முயற்சி செய்ய மாட்டோம். ஒருவர் திங்கள், மற்றவர் புதன்.

மூன்றாவது காரணம் நாங்கள் அதிகம் யோசித்தது. இவர்களும் களைத்தவர்கள். எல்லோருக்கும் படிப்பிக்க விருப்பம் என்று நாங்களே முடிவெடுக்கக் கூடாது. சீனி வருத்தம், முழங்கால் நோ, வெளிநாட்டில் பிள்ளைகள், ஓய்வூதியம் மருந்துக்கே சரி. ஒரு டீச்சரிடம் போய்க் கேட்டோம். "முப்பத்திரண்டு வருஷம் கத்தினது போதும் மகள், என்ன விடுங்க" என்றார். அதுவும் சரியான பதில். அவரைப் பார்க்கவும் ஆள் போக வேண்டும், ஒன்றும் கேட்காமல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஒரு மோட்டார் சைக்கிள், வங்கி வரிசையில் நிற்க ஒரு பையன். பிள்ளைகள் வாங்குவதை மட்டும் பழகக் கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறோம். பழைய சேர்மாரில் சிலருக்குப் பிரம்பு இல்லாமல் படிப்பிக்கத் தெரியாது. அது வேண்டாம். மரியாதையோடு முதலிலேயே சொல்லிவிட்டோம். ஒருவர் கோபித்துக்கொண்டார். இன்ஷா அல்லாஹ் பெருநாளைக்குப் போய்ச் சமாளிப்போம்.

ஆகவே நாங்கள் கேட்பது சின்ன விசயம். சங்கம் வேண்டாம், பதாகை வேண்டாம். ஐந்து சந்திப் பக்கம் ஒரு அறை. அஸருக்கும் இஷாவுக்கும் இடையில், கிழமைக்கு மூன்று நாள். கணிதம், ஆங்கிலம், விஞ்ஞானம். ஒரு மூலையில் ஒரு மேசை, அதில் அந்தக் கிளார்க் நானா, விண்ணப்பப் படிவங்களோடு. பெண் பிள்ளைகளுக்கு மஃரிபுக்குப் பிறகு வெளியே வர வீட்டில் விட மாட்டார்கள், அதனால் ஒரு டீச்சரின் வீட்டு முன் அறை கேட்டிருக்கிறோம், அவருடைய மகன் சம்மதித்துவிட்டார். புத்தளத்திலும் கொழும்பிலும் இருக்கும் சேர்மாருக்குத் தொலைபேசி போதும். ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள், கிழமைக்கு ஒரு அழைப்பு. வண்ணார்பண்ணையில் இருக்கும் ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர் ஒருவரிடமும் கதைத்தோம். ஆங்கிலம் எடுக்கிறேன் என்றார், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவேன், அன்றைக்கு மட்டும் ஏலாது என்றார். வெள்ளிக்கிழமை எங்களுக்கும் ஏலாது டீச்சர் என்று சொன்னதும் இருவரும் சிரித்தோம்.

காசு? பெரிதாக இல்லை. ஓட்டோவில் வருகிற சேர்மாருக்கு ஓட்டோக் காசு கட்டாயம் கொடுக்க வேண்டும். ‘சேவைதானே’ என்று சொல்லி அவர்களின் பையிலிருந்து எடுக்க வைக்கக் கூடாது. பிறகு தேத்தண்ணி, மின்சாரக் கட்டணம், போட்டோக் கொப்பி. கடை வைத்திருக்கும் சகோதரர்கள் நாலு பேர் சேர்ந்தால் முடியும். இந்த வருடம் ஆசிரியர் தினத்துக்குப் பொன்னாடை வாங்க வைத்திருக்கும் காசையே தந்தாலும் சரி.

அந்தக் கணித சேர் திங்கட்கிழமை வருகிறார். கண்ணாடி புதிதாக மாற்றிவிட்டார். இரும்புக்குப் போகிற பையனிடம் நாங்களே போய்ச் சொன்னோம், பார்ப்போம் என்றான். சேருக்கு ஒரே ஒரு நிபந்தனை. வெள்ளைப் பலகையில் எழுதினால் அவருக்குக் கண் கூசுகிறதாம், கரும்பலகைதான் வேண்டும். யாருடைய வீட்டிலாவது, பழைய ரியூசன் கொட்டிலிலாவது ஒரு கரும்பலகை கிடந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். ஏற்ற லொறி இருக்கிறது.