முளையிலேயே கிள்ளுக!

தோழா!

நான் நாடகம் எழுதுகிறவன். முதற் காட்சியிலேயே கொடியவனை வெளியேற்றிவிட்டால் ஐந்தாம் காட்சியில் அழுகை இராது. அவையிலே கைதட்டலும் இராது. ஆனால் ஆட்சி நாடகமன்று. அழுகையைத் தடுப்பதே அதன் அறம். அந்த அறத்தை ஆற்றிவரும் ஜப்பான் நாட்டு மாகாணம் ஒன்றைப் பற்றித்தான் இன்று உன்னிடம் பேசப் போகிறேன்.

மாந்தரின் இரைப்பையிலே ஒரு கிருமி குடியேறுகிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது அதன் பெயர். பிள்ளைப் பருவத்திலே, பெரும்பாலும் வீட்டாரிடமிருந்தே தொற்றுகிறது. ஓசையின்றி ஒளிந்திருந்து, ஆண்டுக்கணக்கில் இரைப்பையின் உட்சுவரை அரிக்கிறது. தொற்றிய எல்லோரையும் அது கொல்வதில்லை; சிலரிடத்தே புற்றுநோயாகப் பொங்குகிறது.

"அமிலத்திலே கிருமி வாழுமா?" என்று நகைத்தனர் மருத்துவர் பலர். ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் 1984-இல் அக்கிருமியைத் தாமே குடித்தார்! இரைப்பை அழற்சிக்கு ஆளானார்; கிருமியின் கொடுமையைக் காட்டினார். 2005-இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1994-இல், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இக்கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வரிசையிலே நிறுத்திவிட்டது.

குற்றவாளி யார் என்பது தெரிந்துவிட்டது. அவனைப் பிடிப்பது எப்போது?

இரைப்பைப் புற்றால் நெடுங்காலம் நொந்த நாடு ஜப்பான். அங்கே கியூஷூ தீவின் சாகா மாகாணம், 2016 முதல், நடுநிலைப் பள்ளியின் இறுதியாண்டு மாணவர்க்குத் தன் செலவிலே சோதனை நடத்துகிறது. முதலில் சிறுநீர்ச் சோதனை. ஐயம் எழுந்தால் மலச் சோதனை. உறுதியானால் ஏழு நாள் மருந்து.

ஏன் அந்த வயது? கட்டாயக் கல்வி அத்தோடு முடிகிறது. பிறகு பிள்ளைகள் திசைக்கொருவராய்ப் பிரிவர். ஒருசேரக் காண்பது அரிது. சுவர் சிதையுமுன் பகையை ஒழித்தால் பயன் பெரிது. நாளை அவர்கள் பெற்றோராகும்போது, தம் மழலைக்கு அந்தக் கிருமியைத் தரமாட்டார்கள்!

"நோயே காணாத பிள்ளைக்கு மருந்தா?" என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்புகளும் இத்தகைய சோதனையைப் பரிந்துரைக்கவில்லை. அங்கே அந்தப் புற்று குறைவு. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் அச்சமும் உண்டு. கிளாரித்ரோமைசினுக்கு அடங்காத பைலோரியை 2017-இல் உலகச் சுகாதார நிறுவனமே எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே எல்லா நாட்டுக்கும் ஒரே சட்டம் வேண்டாம். பெற்றோர் இசைவோடு, கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை அறிந்து கொடுக்கட்டும்.

ஆனால் புற்று மலிந்த மண்ணிலே வாளாவிருப்பது விவேகமா? தைவானின் மாட்சூ தீவுகளிலே 2004-இல் முப்பது வயதைத் தாண்டியோர்க்குக் கிருமி ஒழிப்பைத் தொடங்கினர். 2018-க்குள் இரைப்பைப் புற்று ஏறத்தாழப் பாதியாய்க் குறைந்தது. முதியோரிடத்தே இத்துணைப் பயனென்றால், இளையோரிடத்தே முயல்வது வீணா?

சாகாவின் அறுவடை நாற்பது ஆண்டு கழித்தே வரும். இன்று பணம் ஒதுக்கியவர் அன்று பதவியில் இருக்கமாட்டார். காப்பாற்றப்பட்டவனுக்கும் தான் காப்பாற்றப்பட்டது தெரியாது. மாலையிட ஒருவரும் வரமாட்டார். மாலை வராது என்று தெரிந்தும் செய்தார்களே, தோழா, அதற்குப் பெயர்தான் ஆட்சி!