குதிரைமசால் குதிரைக்கு எட்டவில்லை

நிமெசுலைடும் போய்விட்டது. 2006இல் டைக்ளோஃபெனாக், 2023 ஜூலை 31 அறிவிக்கையில் கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும், 2024 டிசம்பர் 30 அறிவிக்கையில் நிமெசுலைடு. கால்நடைக்கு இந்த நான்கு வலி மருந்தும் இனி இல்லை. இந்தத் தடையை நம் இதழ் முழு மனதோடு வரவேற்கிறது. அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடம்புக்குள் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது என்று தெரிந்த பிறகும் அதை எழுதிக்கொடுத்த கால்நடை மருத்துவர்கள் நம்மில் உண்டு. இந்த மருந்து ஏறிய பிணங்களைத் தின்று செத்தவை போக, மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறு கழுகுகளுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. ஃப்ளூனிக்சின் இன்னும் பட்டியலுக்கு வெளியே நிற்பதுதான் குறை. ஸ்பெயினில் ஒரு கழுகின் சாவில் அந்த மருந்தின் தடயம் பதிவாகியிருக்கிறது. அடுத்த சாவு நம் ஊரில் பதிவாகும்வரை காத்திருக்க வேண்டாம். மெலாக்சிகாம், டோல்ஃபெனமிக் அமிலம் இரண்டும் கையில் இருப்பதால் பசு, எருமை வரைக்கும் பேச்சு இத்தோடு முடிந்தது.

குதிரை விஷயம் அப்படி முடிவதில்லை. கீட்டோப்ரோஃபென் போனபின் நொண்டும் குதிரைக்கும் வயிற்றுவலிக் குதிரைக்கும் பலர் நேராக ஃப்ளூனிக்சினுக்குத் தாவியிருக்கிறார்கள். அதுவும் போடியிலும் பெரியகுளத்திலும் நாம் பார்ப்பது பந்தயக் குதிரை அல்ல. குரங்கணியிலிருந்தும் அகமலைப் பக்கமும் அரிசி, சிலிண்டர், காப்பிக்கொட்டை என்று ஏற்றி இறக்கும் மட்டக்குதிரைகள். டாப் ஸ்டேஷனிலிருந்து கோட்டகுடிக்குத் தேயிலை இறக்கிய ரோப்வே ஒரு காலத்தில் வந்தது, போயும் விட்டது. பொதிக்குதிரை மட்டும் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. இருபது வயது தாண்டி, கடைவாய்ப்பல் தேய்ந்து, பொதிச்சேணம் பட்ட இடம் புண்ணாகி, விலா எலும்பை எண்ணும்படி நிற்கும்போதுதான் நம்மிடம் கொண்டுவருகிறார்கள். வலிக்கு ஓர் ஊசி போட்டு அனுப்புகிறோம். அது சரிவில் விழுந்து செத்தால் யாரும் புதைப்பதில்லை. நம் ஊசி அந்தப் பிணத்தோடு காட்டுக்குப் போகிறது. கருணைக்கொலைக்குப் பயன்படும் பார்பிட்யூரேட்டுக்கும் இதே கதைதான். அதைப் பற்றி எந்த அறிவிக்கையும் பேசவில்லை.

வலி மருந்தை மாற்றுவது எளிது. அந்தக் குதிரையின் நோய் பசி என்பதை ஒப்புக்கொள்வதுதான் நமக்குக் கடினமாக இருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் மலையடிவாரத்தில் ஒரு கிழட்டுப் பெட்டைக்கு நானே டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினேன். பி-காம்ப்ளெக்ஸ், கல்லீரல் டானிக், கூடவே கொள்ளு வேகவைத்துக் கொடுக்கச் சொன்னேன். இரண்டு நாள் காதை ஆட்டிக்கொண்டு தின்றது. வீட்டுக்காரர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். நாலாம் நாள் விடியலில் படுத்தது எழவில்லை. ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்று அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்சுலின் எகிறி, பாஸ்பரசும் மெக்னீசியமும் பொட்டாசியமும் செல்லுக்குள் ஓடிவிட்டன. பசி கொல்லாததை என் மருந்துச்சீட்டு கொன்றது. இன்றும் எலும்பும் தோலுமான குதிரையைக் கண்டதும் டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலைத் தேடும் கைகளை நான் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்து வந்த பெட்டைக்கு நாடாவை எடுத்தேன். மார்புச் சுற்று 125 செ.மீ., உடல் நீளம் 128 செ.மீ. சுற்றை வர்க்கமாக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் 168 கிலோ. கண்ணளவில் நான் 250 என்று மதித்திருந்தேன். மெலாக்சிகாம் கிலோவுக்கு 0.6 மி.கி. என்று வையுங்கள்: 100 மி.கி. போதும் இடத்தில் 150 போயிருக்கும். அதுவும் ஆல்புமின் வற்றி, நீர் வற்றிய உடம்பில். பெருங்குடலும் சிறுநீரகமும் என்ன பாடுபட்டிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹென்னிக் உடல்நிலை மதிப்பெண் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

முதல் மூன்று நாள் தவிடில்லை, கொள்ளில்லை. உலர்த்திய குதிரைமசால் நாலு மணி நேரத்துக்கொரு தரம் 200 கிராம், இரவிலும். பச்சையை வாடவைத்துக் கொடுப்பதானால் நாலைந்து மடங்கு. பல் போனதற்குப் பொடியாக நறுக்கி ஊறவைத்தோம். தண்ணீர் வேண்டிய மட்டும். நாலாம் நாளிலிருந்து ஏற்றி ஏற்றிப் பத்தாம் நாள் முழுத் தீனிக்கு வந்தோம். டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தினர் பட்டினி கிடந்த குதிரைகளுக்கு ஓட்ஸ் உலர்புல்லையும் கலப்புத் தீவனத்தையும் கொடுத்துப் பார்த்து, கடைசியில் சிறந்ததென்று சொன்னது இதே குதிரைமசாலைத்தான். குடற்புழு நீக்கம் இரண்டு வாரம் கழித்து, ஃபென்பெண்டசோலோடு. நலிந்த உடம்பில் மாக்சிடெக்டின் வேண்டாம். பல் ராவுவதும் அதன்பிறகுதான். நெல் தவிட்டைப் பிறகு சேர்க்கலாம். ஆனால் அதில் பாஸ்பரஸ் மிதமிஞ்சியும் சுண்ணாம்பு சொற்பமாகவும் இருப்பதால் அது மட்டுமே தீனியானால் முகவெலும்பு வீங்கும்.

"அய்யா, ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு ஒரு கைப்பிடி போடச் சொல்றீகளே, மொத்தமா ஒரு கட்டுப் போட்டா என்ன?" என்றார் வீட்டுக்காரர். விளக்கினேன். அவர் எழுந்தார். பத்து நாளும் எழுந்தார். ஐந்தாம் மாதம் விலா மறைந்தது, பிட்டம் திரண்டது.

அந்தப் புல் எங்கிருந்து வந்தது என்பதில்தான் என் ஆற்றாமை. குதிரையின் பேரைச் சுமக்கும் குதிரைமசால் போடி, பெரியகுளம் பக்கம் கறவை மாட்டுக்கும் முயலுக்கும் போகிறது; குதிரைக்கு எட்டவில்லை. நான் ஒரு முயல் பண்ணையில் கெஞ்சி வாங்கினேன். தீவனத் திட்டங்களில் குதிரைக்கு ஏதாவது உண்டா என்று ஓர் அலுவலகத்தில் கேட்டபோது, "குதிரையெல்லாம் எங்க சார் இருக்கு?" என்று பதில் வந்தது. 2019 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 3.4 லட்சம்தான், 2012ஐவிட 45 விழுக்காட்டுக்கு மேல் குறைவு, உண்மை. குறைந்துவிட்டது என்பதற்காக இருப்பதைப் பட்டினி போடலாமா?

1965ஆம் ஆண்டுப் பொதிவிலங்கு விதிகள் மட்டக்குதிரைக்கு 70 கிலோ, நாளுக்கு ஒன்பது மணி நேரம் என்கின்றன. குரங்கணியில் எந்தப் பொதியை யார் நிறுத்துப் பார்த்தார்கள்? 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் தீனி போடாமல் விட்டால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். 2017 விதிப்படி பறிமுதல் செய்தால் உரிமையாளர் பராமரிப்புச் செலவுக்குப் பத்திரம் எழுதித் தர வேண்டும். தீனி வாங்கவே வழியில்லாதவர் எதை வைத்து எழுதுவார்? எழுதாவிட்டால் குதிரை உள்ளாட்சிக்குப் போகும். எந்த ஊராட்சியில் லாயம் இருக்கிறது? 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்தால் ஊர்தி வரும், தார்ச்சாலை முடியும் இடம்வரை.

வீரபாண்டியில் 2020 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே மாதம் ஒரு நாள் குதிரைக்கென்று புறநோயாளிப் பிரிவு, ஓர் ஏக்கர் குதிரைமசால், நாலு குதிரை நிற்க ஒரு கொட்டகை. இதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை. கழுகுக்காக நான்கு மருந்தைத் தடுக்க முடிந்த அரசுக்கு இது பெரிய காரியமா?

இந்த மலைக்கிராமங்களுக்கு ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குப்பதிவு இயந்திரம் குதிரை மேல்தான் போகிறது. பத்திரிகைகள் படம் போடுகின்றன. குதிரையை வாடகைக்குப் பேசும் அதிகாரிகளுக்கு அதன் வயது தெரியாது, எடை தெரியாது. அடுத்த தேர்தலுக்கு மறுபடி வருவார்கள். பொதி ஏற்றும் முன் அந்த வட்டத்தின் கால்நடை மருத்துவர் நாடாவோடு அடிவாரத்தில் நிற்க வேண்டும், மதிப்பெண் மூன்றுக்குக் கீழே இருக்கும் குதிரையைத் திருப்பி அனுப்பி அன்றைய வாடகையை மட்டும் உரிமையாளரிடம் கொடுத்துவிட வேண்டும். மாவட்ட நிர்வாகத்தின் ஓர் உத்தரவில் இது நடக்கும்.