இளைத்த பிறகும் துணை வேண்டும்

தமிழ்நாட்டில் ஒருவர் மளமளவென்று இளைத்துவிட்டால் ஊர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன, சுகரா?" என்பதுதான். அடுத்தது, "முகமே வாடிப்போச்சே, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" உடல் பருமனுக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இவை மனப்பாடம். உண்மையைச் சொன்னாலோ மூன்றாவது கேள்வி தயாராக இருக்கும்: "வாயைக் கட்டியிருந்தா போதாதா? இதுக்கு எதுக்கு ஆபரேஷன்?" இதற்குப் பயந்தே பலர் வெளியில் சொல்வதில்லை. காலையில் வாக்கிங் போகிறேன், ராத்திரிச் சோற்றை விட்டுவிட்டேன் என்று ஏதோ சொல்லிச் சமாளிக்கிறார்கள்.

இந்த மறைப்பு அவர்களுடைய உடல்நலத்துக்கே கேடாக முடிகிறது. அறுவைச் சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிந்தைய வாழ்க்கை ஆயுள் முழுக்க நீளும். அந்த வாழ்க்கையை ஒருவர் தனியாக, ரகசியமாக, சாக்குச் சொல்லிக்கொண்டே நடத்த முடியாது.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019–21) தரும் எண்கள் கவலைக்குரியவை. 15 முதல் 49 வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4% பேரும், ஆண்களில் 37% பேரும் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். அகில இந்திய அளவில் இது முறையே 24%, 22.9%. இவர்களில் அறுவைச் சிகிச்சை தேவைப்படுவோர் சிறு பகுதியினரே. ஆனால் சிகிச்சை செய்துகொண்டவர் ஒருவராவது நம் அலுவலகத்திலோ உறவிலோ இருக்கக்கூடிய காலம் இது. அவரிடம் எப்படிப் பேசுவது, எப்படி நடந்துகொள்வது என்று நாம் இன்னும் பழகவில்லை.

'குறுக்குவழி' என்ற ஏச்சிலிருந்தே தொடங்கலாம். இன்று பரவலாகச் செய்யப்படும் 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. மிஞ்சுவது ஒரு குறுகிய குழாய். பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுக்கப்படும் அந்தப் பகுதியில்தான். 'பைபாஸ்' முறையில், சுமார் 30 மில்லி மட்டுமே கொள்ளும் ஒரு சிறு பையை இரைப்பையின் மேற்புறத்தில் உருவாக்கி, சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரடியாக இணைக்கிறார்கள். 1960களில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்த முறையின் வளர்ந்த வடிவம் இது. இவற்றில் எதைச் செய்துகொண்டவரும் உண்ணும் முறையை அடியோடு மாற்றிக்கொண்டாக வேண்டும். இதில் குறுக்குவழி எங்கே இருக்கிறது?

அவருடைய தட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். முதல் இரண்டு வாரங்கள் நீர்மோர், இளநீர், பருப்புத் தண்ணீர், வடிகட்டிய சூப் என்று மடக்கு மடக்காகத்தான். பிறகு குழைய வேகவைத்த பருப்புச் சாதம், சாம்பாரில் ஊறவைத்து மசித்த அரை இட்லி. அதையும் சின்னக் கரண்டியால் எடுத்து, நன்றாக மென்று, இருபது முப்பது நிமிடம் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் குடிக்கக் கூடாது. முடித்து அரை மணி நேரம் ஆக வேண்டும். விக்கினால் தண்ணீர் குடி என்று வளர்க்கப்பட்ட நமக்கு இது ஒன்றே பெரிய பயிற்சி. ஒரு வாய் கூடினாலும் நெஞ்சுக்குள் அடைத்துக்கொள்ளும், வாந்தி வரும்.

அளவு குறைந்துவிட்டது, ஆனால் உடலுக்கு வேண்டிய புரதம் குறையவில்லை. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். ஒரு இட்லியில் இருப்பது சுமார் 2 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். இட்லி, தோசை, சாதம் என்றே சுழலும் நம் வீட்டுச் சமையலில் அந்த 60 கிராமை எட்டுவது எளிதல்ல. முட்டையோ மீனோ பன்னீரோ சுண்டலோ தட்டில் முதலில் வர வேண்டும், சோறு கடைசியில்தான். இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டியவர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் மட்டுமல்ல, அந்த வீட்டில் சமைப்பவரும்தான். 'உனக்கென்று தனியாகச் சமைக்க முடியாது' என்று சொல்லும் வீட்டில் எந்த மருத்துவரின் உணவுப் பட்டியலும் பலிக்காது.

கல்யாணப் பந்தி இன்னொரு சோதனை. இலையில் மிச்சம் வைப்பதை அவமரியாதையாகக் கருதும் ஊர் நம்முடையது. பரிமாறுபவர் நிற்கிறார், பக்கத்தில் மாமா வற்புறுத்துகிறார், "ஒரு கரண்டி பாயசமாவது போட்டுக்கோம்மா" என்று அத்தை கெஞ்சுகிறார். எல்லாம் அன்புதான். ஆனால் பைபாஸ் செய்துகொண்டவர்களில் பலருக்கு அந்த ஒரு கரண்டி இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்கி, படபடப்பு, வியர்வை, மயக்கம், வயிற்றுப்போக்கு என்று அரை மணி நேரத்துக்குள் ஆளைச் சாய்த்துவிடும். பந்தியில் அவர் சார்பாக "போதும், அவருக்கு வேண்டாம்" என்று கணீரென்று சொல்ல ஒருவர் இருந்தால், அதைவிடப் பெரிய ஊக்கம் அவருக்கு வேறில்லை.

நாம் வழக்கமாகத் தரும் ஊக்கமோ வேறு மாதிரியானது. எத்தனை கிலோ குறைந்தது என்று கேட்கிறோம். பழைய போட்டோவையும் புதிய போட்டோவையும் பக்கத்தில் வைத்து வியக்கிறோம். முதல் ஆண்டில் எடை தானாகவே சரசரவென்று இறங்குவதால் இந்தப் பாராட்டுக்குக் குறைவிருக்காது. ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் எடை நின்றுவிடும், பாராட்டும் நின்றுவிடும். பிறகு இரண்டு மூன்று கிலோ ஏறும். அப்போது அதே வாய்கள், "இவ்வளவு செலவு பண்ணியும் திரும்ப ஏறுதே" என்று தொடங்கும். குற்றவுணர்வில் அவர் பரிசோதனைக்குப் போவதை நிறுத்துகிறார். எடைக் கருவியில் ஏறவே கூசுகிறார். உண்மையான ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

ஓரளவு எடை திரும்புவது இயல்பு. சுவீடனில் 1987-ல் தொடங்கி நடந்த நீண்டகால ஆய்வு, அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. அவர்களில் பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32% எடை இழந்திருந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25% ஆக இருந்தது. 120 கிலோவில் தொடங்கியவருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், 82 கிலோ வரை இறங்கி, பத்தாம் ஆண்டில் 90 கிலோவில் நிற்கிறார். எட்டுக் கிலோ ஏறிவிட்டது என்று ஊர் பேசும். முப்பது கிலோ பத்தாண்டுகளாகத் திரும்பி வரவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. அந்த ஆய்வில், அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளாத ஒப்பீட்டுக் குழுவைவிட, செய்துகொண்டவர்களின் இறப்பு விகிதம் ஏறத்தாழ கால் பங்கு குறைவாக இருந்தது. சோர்ந்திருப்பவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டிய கணக்கு இது.

மனதின் கணக்கு இன்னும் கவனத்துக்குரியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 8,815 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருவது அறுவைச் சிகிச்சைக்கு முன்பிருந்ததைவிடப் பின்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காக அதிகரித்ததைக் காட்டியது. அப்படி வந்தவர்கள் மொத்தத்தில் மிகச் சிலரே. ஆனால் அந்நிகழ்வுகளில் பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் நடந்தவை. ஊர் வேடிக்கை பார்த்து முடித்து, மருத்துவமனையும் மறந்துபோகும் காலம் அது. உணவில் ஆறுதல் தேடிப் பழகியவருக்கு அந்த ஆறுதல் பறிபோகிறது. கவலைகள் அப்படியே இருக்கின்றன. மதுவின் பக்கம் திரும்பினால் இன்னும் மோசம்: பைபாஸுக்குப் பின் மது வேகமாக ரத்தத்தில் ஏறும், அடிமையாகும் வாய்ப்பும் கூடும். மனம் உடைந்திருப்பவர் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

இந்த இடத்தில்தான், ஏற்கெனவே இந்தப் பாதையில் நடந்தவர்களின் சொல் மருந்தாகிறது. மூன்றாம் மாதத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும்போது, "எனக்கும் கொட்டியது, சில மாதத்தில் நின்று திரும்ப முளைத்தது" என்று ஒருவர் சொன்னால் வரும் நிம்மதி அச்சடித்த கையேட்டில் கிடைக்காது. தளர்ந்து தொங்கும் தோல், கண்ணாடியில் தன்னையே அடையாளம் தெரியாத தடுமாற்றம், ஊக்குப் போட்டும் நிற்காத பழைய சுடிதார் ஆகியவற்றைப் பற்றி மருத்துவரிடம் பேசக் கூச்சம், அனுபவித்தவரிடம் இல்லை. சிகிச்சை செய்துகொண்டவர்கள் கூடிப் பேசும் குழுக் கூட்டங்களுக்குத் தொடர்ந்து வருபவர்கள் கூடுதலாக எடை இழப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. முனைப்பு உள்ளவர்கள்தானே கூட்டத்துக்கும் வருவார்கள் என்று இதை மறுக்கலாம். மறுப்பு நியாயமே. ஆனாலும் முனைப்பு இறங்கும் நாளில் ஒருவரைத் தேடிவந்து கதவைத் தட்டுவதும் அந்தக் கூட்டத்தில் கிடைத்த நட்புதான்.

வெளிப்படையாகப் பேசியவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. நிதின் கட்கரி பாஜகவின் தேசியத் தலைவராக இருந்த 2011-ல் மும்பையில் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டார். நிதியமைச்சராக இருந்த அருண் ஜேட்லி 2014-ல் நீரிழிவைக் கட்டுப்படுத்த பைபாஸ் செய்துகொண்டது நாடறிந்த செய்தி. அமெரிக்கத் தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் ஆல் ரோக்கர் 2002-ல் பைபாஸ் செய்துகொண்டவர்; பின்னாளில் எடை ஓரளவு திரும்பியதையும் மறைக்காமல் புத்தகமாக எழுதினார். வெற்றிக் கதைகளைவிட இந்த மூன்றாமவரின் நேர்மை புதிதாகச் சிகிச்சை பெறுபவருக்கு அதிகம் உதவும்.

ஊக்கம் தருகிறேன் என்று ஆபத்தை மறைப்பது பெரும் தவறு. 2024-ல் சென்னைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குச் சென்ற இளைஞர் உயிரிழந்தது தமிழ்நாட்டையே உலுக்கியது. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. எல்லா வசதிகளும் உள்ள, அனுபவம் மிக்க மருத்துவக் குழுவைத் தேடிப் போ என்று சொல்வதுதான் நண்பரின் கடமை. 'ஒண்ணும் ஆகாது' என்பதல்ல. அதுபோலவே, தனக்கு ஒத்துக்கொண்டதை அடுத்தவருக்கு மருந்துச் சீட்டாக எழுதித் தரவும் கூடாது. ஸ்லீவ் செய்தவருக்குப் பொருந்துவது பைபாஸ் செய்தவருக்குப் பொருந்தாமல் போகலாம். முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சாதாரண வலி மாத்திரைகூட பைபாஸ் செய்தவருக்குக் குடல் புண்ணை உண்டாக்கலாம். வாந்தி நாள்கணக்கில் நிற்கவில்லை என்றால் உடனே மருத்துவமனை. பி1 சத்துக் குறைந்து நரம்புகளும் மூளையும் பாதிக்கப்படலாம். அந்த நேரத்தில் 'எனக்கும் அப்படித்தான் இருந்தது, சரியாகிவிடும்' என்ற ஆறுதல் உயிருக்கே உலை வைக்கும்.

இளம்பெண்களுக்குத் தனியாகவே ஒரு சொல் தேவைப்படுகிறது. எடை குறைந்ததும் மாதவிடாய் சீராகி, கருத்தரிக்கும் வாய்ப்பு எதிர்பாராமல் கூடும். ஆனால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிக்க வேண்டாம் என்பதே மருத்துவ அறிவுரை. தாய்க்கே சத்துப் பற்றாத காலம் அது. "இளைச்சாச்சு, விசேஷம் எப்போ?" என்று கேட்கும் மாமியாருக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் கணவர்.

2025-ல் எடை குறைக்கும் புதிய ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்தபின், "ஊசியிலேயே முடிச்சிருக்கலாமே" என்ற குத்தலும் சேர்ந்துகொண்டது. முடிந்துபோன முடிவைக் கிளறுவதால் யாருக்கும் பயனில்லை.

செய்ய வேண்டியவை தெளிவானவை. மருத்துவக் காப்பீட்டு விதிகள், உடல் நிறை எண் 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், கடுமையான துணைநோய்களோடு 35 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், பிற வழிகள் பலிக்காத நிலையில் இந்த அறுவைச் சிகிச்சைக்கு இடம் தருகின்றன. அதன் பிறகு ஆயுள் முழுக்க வாங்க வேண்டிய இரும்புச்சத்து, கால்சியம், பி12, டி மாத்திரைகளும் ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் நோயாளியின் கைக்காசு. கைக்காசு தீர்ந்தால் மாத்திரை நின்றுவிடும். கைகால் மரத்துப்போன பிறகுதான் விஷயம் வெளியே வரும். தொடர் கவனிப்பையும் காப்பீடு ஏற்க வேண்டும். அறுவை செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும் மாதம் ஒரு கூட்டம் நடத்த வேண்டும். உணவியல் நிபுணரும் மனநல ஆலோசகரும் இருக்க, நடத்துபவர்கள் பழைய நோயாளிகளாக இருக்கட்டும். ஐந்தாண்டு கழித்தும் வராதவரை அழைத்து விசாரிக்கும் பொறுப்பு மருத்துவமனையைச் சேர வேண்டும்.

இதைப் படிப்பவர்களில் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டவர் இருந்தால், உங்களோடு அதே வார்டில் இருந்தவரையோ, உங்களைப் பார்த்து முடிவெடுத்தவரையோ இந்த வாரம் கூப்பிட்டுப் பேசுங்கள். எத்தனை கிலோ என்று கேட்க வேண்டாம். கடைசியாக எப்போது ரத்தப் பரிசோதனை எடுத்தீர்கள் என்று கேளுங்கள். நாளாகிவிட்டது என்றால் கூடவே போய்வாருங்கள்.